பூட்டிய எண்

மதியத்திலிருந்து மூன்றாவது முறையாக அதே எண். மறுமுனையில் பேச்சில்லை. மூச்சு மட்டும். அதற்குப் பின்னால் எங்கோ பாத்திரத்தில் குழாய்த் தண்ணீர் சொட்டியது. மூன்று சொட்டு, ஓர் இடைவெளி, இன்னொரு சொட்டு. அவசர உதவி மையத்தில் பத்து வருஷமாகக் காதைத் தீட்டி வைத்திருந்தவளுக்கு அந்த இடைவெளிதான் என்னவோ செய்தது.

"வேலையத்த ஜென்மம். மூணாச்சுல்ல, பூட்டிடுங்க ரெக்கார்டு அக்கா," என்றார் மேற்பார்வையாளர்.

'ரெக்கார்டு அக்கா' என்பது அவளுடைய பட்டப்பெயர். மூன்று முறை வீணாக அழைக்கும் எண்ணைப் பூட்டிவிடுவார்கள். மறுநாள்வரை அந்த எண்ணுக்குக் கேட்பது அவள் பதிவுசெய்து கொடுத்த எச்சரிக்கைக் குரல்தான். பூட்டும் பொத்தானை அமுக்கினாள். விரலை எடுப்பதற்குள் காதில் ஒரு கிசுகிசுப்பு.

"பின்னாடி நிக்குது."

இணைப்பு அறுந்தது.

"சார், தப்புப் பண்ணிட்டேனோ? யாரோ பேசினாங்க."

"விளையாட்டுக்குக் கூப்பிடுறவங்க அப்படித்தான் பேசுவாங்க. சட்டம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? வீட்டுக்குப் போங்க அக்கா."

மனசு ஆறவில்லை. அந்தக் குழப்பத்தில், வேலை நேரத்தில் பெட்டியில் பூட்டிவைக்கும் கைப்பேசியை எடுக்க மறந்தே போனாள்.

குடிவந்து மூன்றே நாளான வாடகை வீடு. உள்ளே நுழைந்து கதவைத் தாளிட்டு, கூடத்துக்கு வந்து விளக்கைப் போட்டாள். காயாத துணியின் முடைநாற்றம் மூக்கில் ஏறியது. சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்று. இடைவெளி. ஒன்று.

காலையில் இறுக்கி மூடிய குழாய். சமையலறையிலிருந்து ஈரக் காலடிகள் கிளம்பி, கூடத்தைக் கடந்து, அவள் இப்போதுதான் தாளிட்ட கதவுக்குப் போயிருந்தன. அங்கே நின்றுவிட்டன. திரும்பிய தடம் இல்லை.

மறுபடி அந்தப் பக்கம் திரும்ப அவளுக்குத் துணிவில்லை. வீட்டோடு வந்த பழைய தொலைபேசியை எடுத்தாள். அதன் மேல் ஒட்டியிருந்த எண்ணை அன்றுதான் படித்தாள். மையத்தில் மூன்று முறை திரையில் பார்த்த எண். கை மட்டும் பழக்கத்தில் அவசர எண்ணை அழுத்தியது.

முதுகில் குளிர் பட்டது. முடைநாற்றம் நெருங்கியது.

"பின்னாடி நிக்குது," என்றாள். மையத்தில் கேட்ட அதே கிசுகிசுப்பு.

"அவசர எண்ணைத் தவறாகப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்," என்றது அவளுடைய குரல், நிதானமாக.

தோளுக்கு மேலாக ஈர விரல் ஒன்று நீண்டு வந்தது. மையத்தில் அவள் பொத்தானை அமுக்கியதைப்போலவே, அவசரமில்லாமல், இணைப்பைத் துண்டித்தது.