அவளுடைய அறையில் ஒன்றும் சாகவில்லை

கதவைத் திறந்ததும் முகத்தில் வெப்பம் அடிக்கவில்லை.

அதுதான் அவனுக்கு முதலில் உறுத்தியது. கோழி நிறைந்த அறை எப்போதுமே வெதுவெதுவென்றிருக்கும். வெளியே மழை கொட்டினாலும், சுவரில் பெரிய விசிறிகள் ஓயாமல் சுற்றினாலும், அத்தனை உடம்புகளின் சூடும், நசநசவென்ற மரத்தூளின் ஆவியும், கண்ணைக் கரிக்கும் எச்ச நெடியும் ஒன்றாகச் சேர்ந்து, ஈரத் துணியால் வாயைப் பொத்துவதுபோல வந்து அப்பும். அந்தச் சூட்டுக்குள் நுழைந்தே பழகியவன் அவன். இன்று மனைவியின் அறைக்குள் கால் வைத்தபோது, மூடிக் கிடந்த தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை நீட்டியதுபோல ஒரு சில்லிப்பு. கிருமிநாசினித் தட்டில் ரப்பர் பூட்ஸை நனைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

கோழிகள் நின்றுகொண்டிருந்தன. ஆள் வந்தால் சலசலவென்று ஒதுங்குவதுதான் கோழியின் குணம். இவை ஒதுங்கவில்லை. கழுத்தை மட்டும் திருப்பின. எல்லாம் ஒன்றாக.

"நல்லாத்தான் இருக்குதுங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லும்போதே வயிறு எரிந்தது.

நல்லா இருக்கவே கூடாது. அவன் செய்து வைத்திருந்த வேலைக்கு, இந்நேரம் பாதியாவது கால் விறைத்துக் கிடந்திருக்க வேண்டும்.

அவனும் அவளும் அந்தக் கோழி ஆராய்ச்சி நிலையத்தில் ஒரே பிரிவில் வேலை பார்த்தார்கள். ஈரம் பட்டுப் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தில் ஒரு நஞ்சு ஊறும். அதைத் தின்ற கோழிக்கு ஈரல் கெடும். உடம்பின் தெம்பு போகும். மற்ற நாளில் சளிபோல வந்து போகிற கிருமிகூட அன்றைக்கு ஆளைச் சாய்த்துவிடும். அந்த நஞ்சை முறிக்க ஒரு வழி தேடுவதுதான் இருவருடைய ஆராய்ச்சியும். அவன் களிமண்ணை நம்பினான். தீவனத்தில் கலந்தால் நஞ்சைப் பிடித்துவைத்து எச்சத்தோடு வெளியே தள்ளிவிடும் ஒருவகை வெள்ளைக் களிமண். அவள் ஒரு நுண்ணுயிரை நம்பினாள். ஏதோ ஒரு பண்ணையில் மொத்தக் கோழியும் செத்து விழுந்த பிறகும், ஈரல் இல்லை என்றே சொல்லிவிடக்கூடிய நிலையிலும், விழாமல் திரிந்துகொண்டிருந்த ஒரு கிழட்டுக் கோழியின் குடலிலிருந்து அவளே எடுத்து வளர்த்தது.

அவனுடைய கோழிகள் செத்தன. அவளுடையவை பிழைத்தன. இவ்வளவுதான் கதை என்றால் அவன் தாங்கியிருப்பான்.

கல்லூரியில் நுண்ணோக்கியைப் பிடிக்கக்கூடத் தெரியாமல் அவள் திணறியபோது பின்னால் நின்று கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தவன் அவன். அந்தக் கைதான் பிறகு கல்யாணத்திலும் அவன் கைக்கு வந்தது. இப்போது அதே கை பிரிவின் தலைமைக் கையெழுத்தைப் போட்டது. அவளைத் தலைவராக அறிவித்த கூட்டத்தில் இயக்குநர் இவன் பக்கம் திரும்பி, "சார், வீட்டுல டியூஷன் வச்சுக்கங்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கைகூடத் தட்டினான், மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினான்.

அதைவிட அவனை அரித்தது வேறு. ஒருநாள் இந்தக் கதவுக்கு வெளியே நின்றபோது உள்ளே அவள் குரல் கேட்டது. "வாங்கடா கண்ணுங்களா, அம்மா வந்துட்டேன் பாருங்க." கல்யாணமான புதிதில் அவனை அவள் கண்ணு என்றுதான் கூப்பிடுவாள். அந்தச் சொல் வீட்டிலிருந்து எப்போது காணாமல் போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. எங்கே போனது என்று அன்றைக்குத் தெரிந்தது.

போன வாரம், அவள் இயக்குநர் அறையில் இருந்த நேரம், கிடங்கின் மூலையில் கழித்துப் போட்டிருந்த மூட்டையைப் பிரித்தான். பச்சையும் சாம்பலும் பூத்த சோளம். மூக்கில் ஏறும் அந்த இனிப்பான முடை. அதை அரைத்து அவளுடைய தீவனத் தொட்டியில் கலந்தான். போதாதென்று, செத்த தன் கோழிகளிலிருந்து வளர்த்து வைத்திருந்த கிருமிக் குழம்பையும் ஒரு குடுவை ஊற்றிக் கிளறினான். அவளுக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்றுதான் மனசுக்குச் சமாதானம் சொன்னான். ஒரே ஒரு தடவை அவள் அறையும் சாயட்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோர்ந்து உட்காரட்டும். பக்கத்தில் கொஞ்சம் இடம் விடட்டும். அவன் போய் உட்கார்ந்து தோளைத் தட்டிக் கொடுப்பான்.

ஆனால் அறை சாயவில்லை.

"என்ன சார், மேடம் அறைய மோப்பம் பிடிக்கிறீங்க?"

கூடத்தைப் பெருக்குகிற பணியாள் கதவோரம் நின்றிருந்தார். ஒல்லி உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய தலை. குண்டூசி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள்.

"இங்க எத்தனை செத்துச்சு இந்த வாரம்?"

"சாவா? மேடம் அறையிலயா?" குண்டூசி சிரித்தார். "எனக்கு இங்க வேலையே இல்ல சார். சத்தம் இல்ல, சண்டை இல்ல. ரெண்டு மூணு நாளா எச்சம்கூடப் போடல. அவ்வளவு மரியாதை தெரிஞ்ச கோழிங்க."

சிரிப்பு பாதியில் நின்றது. தான் சொன்னது தனக்கே அப்போதுதான் கேட்டதுபோல அறைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, "நான் அந்தப் பக்கம் பாக்கறேன் சார்," என்று நடந்தார். திரும்பிப் பார்க்கவே இல்லை.

அவன் ஒரு கோழியைப் பிடித்தான். பிடித்தான் என்றுகூடச் சொல்ல முடியாது, குனிந்து எடுத்தான். சிறகடிக்கவில்லை. கால்கள் ஈரக் கம்பிபோலச் சில்லென்றிருந்தன. கோட்டுக்குள் மறைத்து, அறுத்துப் பார்க்கும் அறைக்குக் கொண்டுபோகும் வழியெல்லாம் அது அவன் சட்டைப் பொத்தானைக் கொத்திக்கொண்டே வந்தது. டொக். டொக். பசியில் கொத்துவதுபோல இல்லை. உள்ளே யார் என்று கேட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

அவள் ரகசியத்தைப் பார்த்துவிடலாம் என்ற ஆவல் அவனைத் தள்ளியது. அந்தக் குடலில் என்னதான் வைத்திருக்கிறாள்? இரும்பு மேசையில் கிடத்தி, வழக்கம்போலக் கழுத்தைத் திருகி இழுத்தான். எலும்பு விலகும் அந்தச் சின்னச் சொடக்கு கேட்டது. அதன் பிறகு எந்தக் கோழியும் கொஞ்ச நேரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். உயிர் போனாலும் உடம்புக்கு அது தெரிய நேரமாகும். இது அடித்துக்கொள்ளவில்லை.

கத்தரியால் வயிற்றைத் திறந்தான்.

நெடி எழுந்தது. கோட்டுக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விளக்கை இறக்கினான். ஈரல் பழுத்த மஞ்சளாக ஊதி, விரல் பட்டதும் நனைந்த ரஸ்க்குபோலப் பொடிந்தது. குடல் வெடித்து, உள்ளே நுரையும் கருமையும். ரத்தம் ஓடவில்லை, உடம்பின் அடிப்பக்கத்தில் கறுப்பாகத் தேங்கி உறைந்திருந்தது. செத்த கோழிகளை வருஷக்கணக்கில் அறுத்தவன். பார்த்ததுமே சொல்லிவிடுவான்.

இது இப்போது செத்ததில்லை.

இது செத்துப் பல நாளாகிறது.

ஆனால் அந்த நேரத்திலும், வெட்கக்கேடு, முதலில் தலைதூக்கியது பயமில்லை. அவனுடைய கோழிகள் உயிரோடு இருக்கும்போதே விழுந்தன. அவளுடையவை செத்தும் நிற்கின்றன. இதிலும் அவள்தான் ஜெயித்தாள்.

கத்தரியை வைக்கப் போனபோது விரலில் ஏதோ பட்டது. பிளந்து கிடந்த கோழியின் கால். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. அவன் சுண்டு விரலைச் சுற்றி இறுகின. திருகித் தொங்கிய தலை மேசை விளிம்பில் மெல்லப் புரண்டு, ஒரு கண்ணால் அவனைப் பார்த்தது.

உதறிக்கொண்டு சுவரில் போய் மோதினான். மேசை மேல் அது எழ முயன்றது. உள்ளிருந்தவை சரிந்து தட்டில் விழுந்தன. அதற்கு அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அவளிடம் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். ஃபோனை எடுத்தான். மணி போய்க்கொண்டே இருந்தது. அந்த மணிச் சத்தத்துக்கு நடுவே, கூப்பிடாமலே ஒவ்வொன்றாக வந்து நின்றன இந்த வாரத்து விஷயங்கள். அவள் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. கேட்டதற்கு, "ஆஃபீஸ்லயே ஆச்சு," என்றாள். தலைமைப் பதவி வந்த திமிர் என்று நினைத்தான். படுக்கையில் அவள் கைமேல் தன் கையை வைத்தபோது சில்லென்றிருந்தது. கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்தான். அவள் தலைமுடியில் நனைந்த சாக்கின் வாடை. கோழிகளோடு கிடந்தால் வேறென்ன வரும் என்று முதுகைத் திருப்பிக்கொண்டான். பொறாமை அவனுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் எடுத்துக் கொடுத்திருந்தது.

புதுத் தீவனம் எது வந்தாலும் அவள் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பாள். கசப்பு தெரிகிறதா என்று பார்க்க. கல்லூரி நாளிலிருந்தே அப்படித்தான். எத்தனை தடவை திட்டியிருக்கிறான். "என் புள்ளைங்க திங்கறத நான் தின்னு பாக்கக் கூடாதா?" என்பாள்.

அந்தத் தொட்டியில் கலந்தபோது அது ஏன் ஞாபகம் வரவில்லை?

வந்ததா?

ஃபோன் மணி வெளியிலும் கேட்டது. கூடத்தின் கோடியில். அவளுடைய அறையிலிருந்து.

ஓடினான். அவன் கதவை எட்டும்போது தானியங்கி விசை டக்கென்று விழுந்தது. கோழிகள் தூங்குவதற்காகப் பிற்பகலிலேயே அந்த அறையில் விளக்குகளை அணைத்து இரவாக்கிவிடுவார்கள், ஜன்னல் கிடையாது. வெளியே மழைக்கு நடுவே பகல் இருந்தது. உள்ளே ஒரு பொட்டு வெளிச்சமில்லை.

மணி நின்றது.

"என்னங்க." அவள் குரல். சாதாரணக் குரல். "வந்துட்டீங்களா?"

"நீ... நீ எப்போ உள்ள வந்தே? இப்பத்தானே நான்..."

"இங்கதான் இருந்தேன். காலையிலிருந்தே இங்கதான் படுத்திருக்கேன். உங்களுக்குக் கோழி மட்டும்தான் கண்ணுல பட்டுச்சு."

"வெளிய வா. ஆஸ்பத்திரிக்குப் போலாம். அந்தத் தீவனத்துல... நான்தான்..."

"தெரியும்."

விசிறிகள் சுற்றின. வேறு சத்தமில்லை. அத்தனை கோழிகளில் ஒன்றின் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அவள் மூச்சும் கேட்கவில்லை.

"வாயில வச்சதுமே தெரிஞ்சுருச்சு," என்றாள். "உங்க கைப்பக்குவம் எனக்குத் தெரியாதா? முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் நினைச்சேன், பாவம், எத்தனை நாளா தனியாவே உக்காந்திருக்காரு மனுஷன்."

"வெளிய வா. கெஞ்சிக் கேக்கறேன்."

"நீங்க வாங்க. உங்களுக்கும் இடம் இருக்கு." பிறகு, அவன் வருஷக்கணக்கில் கேட்டிராத கனிவோடு, வேறு யாரிடமோ சொன்னாள். "தள்ளிக்கங்கடா கண்ணுங்களா. அப்பா வராரு."

முதன்முறையாகக் கோழிகள் நகர்ந்தன. மரத்தூளில் நூற்றுக்கணக்கான கால்கள் தேயும் ஓசை.

கை ஃபோனைத் தடவியது. டார்ச். விரல் வழுக்கியது. எரிந்தது.

கோழிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கியிருந்தன. நடுவில் ஒரு பாதை. அவன் காலடியிலிருந்து அவள் வரைக்கும்.

அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள், வீட்டில் படுப்பதுபோலவே, ஒரு கையைத் தலைக்குக் கொடுத்து. அடிப்பக்கத்துக் கன்னம் மட்டும் கறுத்திருந்தது. மறு கன்னம் வெள்ளை. பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தாள். அந்த இடத்து மரத்தூளைக் கையால் சீராகத் தடவி, வாங்க என்பதுபோல் மெல்லத் தட்டினாள்.

முடிக்குள்ளிருந்து ஒரு கறுப்பு வண்டு வெளியே வந்தது. நெற்றியில் இறங்கியது. திறந்திருந்த கண்ணின் மேல் ஏறி, விழியை அவசரமில்லாமல் கடந்து, மூக்கோரம் போயிற்று.

அவள் இமைக்கவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தட்டிக்கொண்டிருந்தாள்.