ஒரு நாள் வீட்டுக்கு வாங்க

மாரோவின் பூட்ஸ் இரண்டும் கதவுக்கு வெளியே, ஜோடி சேர்த்து, சுவர் ஓரமாக ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தன. டெசா டார்ச் வெளிச்சத்தை அவற்றின்மேல் பிடித்தபடியே நின்றாள். நடை முழுக்கக் கண்ணாடித் தூள், பெயர்ந்த காரை, முறுக்கிக்கொண்டு நீட்டிய கம்பிகள். இந்த இடத்தில் புத்தியுள்ள எவனாவது பூட்ஸைக் கழற்றுவானா? அதிலும் மாரோ? சொந்த வீட்டு வாசலிலேயே பத்துத் தடவை கத்தினால்தான் கழற்றுகிற ஆள்.

"மாரோ!" என்று கூப்பிட்டாள். குரல் நடையில் ஓடி, படிக்கட்டில் இறங்கி, எங்கேயோ கீழே போய் நின்றது.

சாயங்காலம்தான். ஆனால் நவம்பரில் இந்தக் கரையில் சாயங்காலம் என்பதெல்லாம் பேருக்குத்தான். தெற்கிலிருந்து யூகோ காற்று நாலு நாளாக விடாமல் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று வந்தால் சுவர் வியர்க்கும், உப்பு நமத்துப்போகும், புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வரும். வழக்கம்போல வந்தது.

"திங்கக்கிழமை இடிக்கிறானுங்க. பார்ல இருக்கிற பளிங்குப் பலகை அப்படியே மண்ணாப் போகப் போவுது. நம்ம தோட்டத்து அடுப்புக்கு அதைவிட்டா வேற கல்லு ஏது?" என்று காரிலேயே ஆரம்பித்திருந்தான் மாரோ. சின்ன வயதில் இரண்டு கோடைக்காலம் இந்த வெள்ளை ஹோட்டலில் பரிமாறியவன். அதனால் பாதிக் கட்டடம் தனக்குச் சொந்தம் என்று நினைப்பு.

"ஊர்ல ஒருத்தன்கூட அங்கிருந்து ஒரு ஆணியக்கூட எடுத்துட்டு வந்ததில்ல, தெரியுமா? உனக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"அவனுங்களுக்கு அடுப்பு கட்டத் தெரியாது. நீ வண்டியிலயே குந்து. யாராவது காவக்காரன் வந்தா அவனையும் வீட்டுக்குக் கூப்பிடு. அதான் உனக்கு நல்லா வருமே."

அது குத்தல். டெசாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது, வளர்ப்பு. யாரிடமிருந்து விடைபெற்றாலும் "இப்ப உங்க முறை, ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க" என்று சொல்லாமல் அவளுக்குக் கால் நகராது. அந்தப் பக்கத்தில் எல்லாரும் சொல்வதுதான், யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியத்தில். இவள் கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவனிடம் சொல்வாள். முகத்தில் விழிக்கப் பிடிக்காத நாத்தனாரிடமும் சொல்வாள்.

அரை மணி நேரத்தில் வருகிறேன் என்று போனவன் வரவில்லை. காரின் கண்ணாடியில் உப்பு படிந்து கடல் மறைந்தது. ஹாரன் அடித்துப் பார்த்தாள். கடைசியில் திட்டிக்கொண்டே இறங்கினாள். அவனுக்கு இதயத்தில் இரண்டு இடத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. பலகையைத் தனியாகத் தூக்கப் போய் எங்கேயாவது விழுந்து கிடக்கிறானோ? பிள்ளை குட்டி இல்லை. அந்த மனுஷனை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.

பாரில் பலகை அசையாமல் கிடந்தது. தூசியில் அவன் கால்தடம் பலகை வரைக்கும் வந்து, நின்று, திரும்பி மாடிப்படி பக்கம் போயிருந்தது. யாரோ மேலிருந்து கூப்பிட்டதும் போனவனுடைய தடம் அது. அவசரமில்லாத தடம்.

இரண்டாம் மாடி. ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத மாடி. போரில் மலை ஊர்கள் எரிந்தபோது, வீடு போன சனங்களை இந்த ஹோட்டலில்தான் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு டிசம்பர் காலையில் கடலில் நின்ற கப்பலிலிருந்து குண்டு வந்தது. கடலைப் பார்த்த சுவர் அப்படியே போயிற்று. உள்ளே இருந்தவர்களை எடுக்க வந்தவர்கள் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது டெசாவுக்கு இருபத்திரண்டு வயது, விரிகுடாவின் எதிர்க்கரையில், இப்போது இருக்கும் அதே வீட்டில் இருந்தாள். சத்தத்தில் அவள் வீட்டு ஜன்னல்கூட அதிர்ந்தது.

அந்த மாடியில்தான் இப்போது பூட்ஸ் இருந்தது.

நடையில் எந்த அறைக்கும் கதவு இல்லை. எல்லாம் எரிந்தோ, எவனாலோ கழற்றப்பட்டோ போயிருந்தன. இந்த ஒன்றுக்கு மட்டும் இருந்தது, அதுவும் துடைத்து வைத்த மாதிரி. ஈரக் காரை வாடைக்கும் புறா எச்ச வாடைக்கும் நடுவே இன்னொரு வாசனை மூக்கில் ஏறியது. டெசாவுக்கு அது தெரியாமல் இருக்குமா? காலையில் எழுந்ததும் அவள் முதலில் போடுவது. பித்தளைக் கிண்ணியில் பொங்கி அடங்கிய கறுப்புக் காப்பி.

கதவைத் தள்ளினாள்.

எதிர்ச் சுவர் இல்லை. தரை ஓரிடத்தில் முடிந்தது, அதற்கப்புறம் கடல். காற்று முழுசாக உள்ளே வந்து முகத்தில் அறைந்தது. அந்தக் காற்றில் அறையின் நடுவே கட்டியிருந்த பட்டாளத்துக் கம்பளி கொஞ்சமும் அசையாமல் தொங்கியது. அதன் பின்னாலிருந்து ஒரு பெண்பிள்ளையின் குரல், மலை ஊர்ப் பேச்சில், எரிச்சலோடு:

"கதவைச் சாத்தும்மா. காத்து வருதுல்ல."

டெசா சாத்தினாள். யோசித்துச் சாத்தவில்லை. சுவரே இல்லாத அறையில் கதவு எதற்கு என்று தோன்றவில்லை. காற்று வருகிறது, சாத்து என்றால் அந்த ஊர்க் கை தானாகவே சாத்தும். ஊடுகாற்றில் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது போகும், குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டும் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த கை. தாழ் தானே விழுந்து பூட்டிக்கொண்டது.

"செருப்ப மாத்திக்கோ."

காலடியில், சுவர் ஓரமாக, விருந்தாளிகளுக்கான வீட்டுச் செருப்புகள் வரிசையாக இருந்தன. கட்டம் போட்ட கம்பளிச் செருப்புகள், ஓரம் பொசுங்கியவை. நடுவில் ஒரு ஜோடி அளவுக்கு இடம் காலியாக இருந்தது.

"இல்லீங்க... நான் உக்கார வரல. என் வீட்டுக்காரரு..."

"உக்காந்துட்டாரே. ரெண்டு கப்பு குடிச்சாச்சு."

கம்பளி ஓரமாக விலகியது. இரும்புக் கட்டிலின் விளிம்பில் மாரோ. கையில் சின்னக் கப். காலில் அந்தக் கட்டம் போட்ட செருப்பு. அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

டெசா டார்ச்சைத் தரையை விட்டு உயர்த்தவில்லை. உயர்த்தக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கைதான் மறுத்தது. தரையில் விழுந்த வட்ட வெளிச்சத்தில் கால்கள் தெரிந்தன. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாலு. சுவர் ஓரமாக வரிசையாக இன்னும். எல்லாக் காலிலும் வீட்டுச் செருப்பு. ஒரு ஜோடிக் கால் தரைக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருந்தது. சின்னக் கால்கள். கணுக்காலுக்கு மேலே வெளிச்சம் போகவில்லை, அவளும் போக விடவில்லை.

"பூட்ஸோட நிக்கிறா பாரு, வீட்டுக்குள்ள," என்றது சுவர் ஓரத்தில் ஒரு ஆண் குரல்.

"அவளுக்கென்ன, வீடு இருக்கு. திமிரு இருக்கும்," என்றாள் அந்தப் பெண்பிள்ளை. "அந்தக் கரையில மஞ்ச விளக்கு, உன்னோடதுதானே? சாயங்காலமானா எரியுதே. இத்தன வருஷமா பாக்குறோம். சமையக்கட்டுல நீ குறுக்க நடக்கிறதுகூடத் தெரியும். ஒரு நாளாவது இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியா?"

டெசா மாரோ பக்கமாக ஒரு அடி வைத்தாள்.

"திங்கக்கிழமை இடிக்கிறாங்களாம். உன் ஆளு சொன்னாரு. நாங்க எங்க போறது? சொல்லு. எங்க போறது?"

"எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாது. யாருக்குமே தெரியாது."

ஆடிக்கொண்டிருந்த சின்னக் கால்கள் நின்றன.

டெசா பாய்ந்து மாரோவின் மணிக்கட்டைப் பிடித்தாள். ஈரச் சுண்ணாம்பு மாதிரி, சில்லென்று இருந்தது கை. "எழுந்திரு. எழுந்திரு மனுஷா, உன் காலைப் புடிக்கிறேன்." இழுத்தாள். கப் விழுந்தது. சத்தம் கேட்கவில்லை. அவன் எழுந்தான். கதவு வரைக்கும் வந்துவிட்டாள். தாழைத் தூக்கினாள். வரவில்லை. மறுபடி. வரவில்லை. முதுகுக்குப் பின்னால் யாரும் பேசவில்லை. எல்லாரும் எதற்கோ காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவள் போகும்போது சொல்ல வேண்டியதைச் சொல்லட்டும் என்று பேசாமல் காத்திருப்பார்களே, அந்த மௌனம்.

அவள் வாய் திறந்தது. ஐயோ, அந்த வாய்.

"அப்ப நாங்க வர்றோம்... இப்ப உங்க முறை. ஒரு நாள் எங்க வீட்டுக்கு வாங்க."

தாழ் திறந்துகொண்டது.

"வர்றோம்," என்றாள் அந்தப் பெண்பிள்ளை. முதல் தடவையாக அந்தக் குரலில் எரிச்சல் இல்லை.

படி. கண்ணாடி. இருட்டு. ஒரு கையில் மாரோ, ஒரு கையில் அவன் பூட்ஸ். கார். அவனை உள்ளே தள்ளி, காலிலிருந்து அந்தச் செருப்பைப் பிடுங்கி, கடல் பக்கமாக வீசினாள். ஈரமாக இருந்தது. உள்ளே வெதுவெதுப்பாகவும் இருந்தது.

"என்னய்யா பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? பேசேன்!"

"நல்ல காப்பி," என்றான் மாரோ. அவ்வளவுதான்.

விரிகுடாவைச் சுற்றி வீடு வந்து சேரும் வரை அவள் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. வீட்டுக்குள் போனதும் கதவுக்குத் தாழ், மேலே ஒரு தாழ். பூட்ஸைக் கழற்றித் தன் நீல வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டாள். மாரோவுக்கும் செருப்பு மாட்டி, அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்துப் போர்த்திவிட்டாள். கையைத் தேய்த்தாள். கொஞ்சம் சூடு ஏறியது. அப்போதுதான் அழுகை வந்தது. போகட்டும், கிடைத்துவிட்டான், அது போதும். ஊரிலேயே கெட்டியான சுவர் அவள் வீட்டுச் சுவர். திங்கட்கிழமை அந்தப் பாழும் கட்டடமும் தொலைந்துவிடும். வழக்கம்போலச் சமையல்கட்டின் மஞ்சள் விளக்கையும் போட்டாள். போட்ட பிறகுதான், அங்கிருந்து தெரிகிற விளக்கு இதுதானே என்று நினைத்தாள்.

ஜன்னலுக்குப் போனாள். எதிர்க்கரையில் ஹோட்டல் கறுப்பாக நின்றது. இரண்டாம் மாடியில் ஒரு சின்ன வெளிச்சம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தது.

காற்று நின்றிருந்தது. நாலு நாளாக நிற்காத யூகோ.

வாசலில் சரளைக்கல் நெரிந்தது. பிறகு, படியில் பதித்த இரும்புத் தகட்டில் யாரோ செருப்பு மண்ணைச் சுரண்டினார்கள். நல்ல வளர்ப்பு உள்ளவர்கள் செய்வது. ஒருவர் சுரண்டி முடித்ததும் அடுத்தவர். அடுத்தவர். அவசரமே இல்லை. கடைசியில் ஒரு சின்னச் சுரண்டல்.

கதவை யாரும் தட்டவில்லை.

மாரோ எழுந்து போவது தெரிந்தது. "வேணாம்! மாரோ, திறக்காத!" ஓடினாள். இரண்டு தாழும் திறந்திருந்தன. மாரோ முழங்காலிட்டு, செருப்பு அலமாரியிலிருந்து வீட்டுச் செருப்புகளை ஜோடி ஜோடியாக எடுத்து, முனை உள்ளே பார்க்க வைத்துக்கொண்டிருந்தான். அலமாரி காலி. அவன் தன் காலில் கிடந்ததையும் கழற்றி வைத்தான்.

"டெசா, செருப்பு பத்தல," என்றான்.

அவள் குனிந்து பார்த்தாள். அவளுடைய நீலச் செருப்பும் அந்த வரிசையில் இருந்தது. வெறும் காலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது கழற்றினாள்?

படியில் வரிசை. பூட்ஸ்கள், பாதி எரிந்த ஷூக்கள், சுண்ணாம்பு படிந்த ஒற்றைச் செருப்பு, சின்னச் சிவப்பு ரப்பர் பூட்ஸ். ஆள் யாரும் இல்லை. அவற்றை உதைத்துத் தள்ள வேண்டும், கடலில் எறிய வேண்டும் என்று ஒரு அடி வெளியே வைத்தாள். ஒரே ஒரு அடி.

பின்னால், அவள் சமையல்கட்டிலிருந்து, காப்பி பொங்கும் வாசனை வந்தது.

"யாராவது கதவைச் சாத்துங்க," என்றது அந்தக் குரல். "காத்து வருது."

மாரோ சாத்தினான். கீழ்த்தாழ். மேல்தாழ்.

அவள் கதவை அடித்தாள். கத்தினாள். உள்ளங்கை வீங்கும் வரை அடித்தாள். பிறகு ஜன்னலுக்கு ஓடினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. சமையல்கட்டில் ஒருத்தி குறுக்கே நடந்தாள், நீலச் செருப்புப் போட்டு. மேஜையைச் சுற்றி உட்கார இடமில்லாமல் கூட்டம். நடுவில் மாரோ, கையில் கப். அவன் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தான். வெளியே நிற்கும் முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோலக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

எழுந்து வந்து திரையை இழுத்துவிட்டான்.