முத்திரை வைத்த உலை

பீங்கான் ஆராய்ச்சிக்காரி மருந்துக்கடைக்குள் வந்து உட்கார்ந்தபோது கையிலிருந்த துண்டுச்சீட்டு வியர்வையில் நனைந்திருந்தது. கடையை நடத்தும் மருமகள் அதை வாங்கித் தன் தாய்மாமனிடம் நீட்டினாள். தொழிற்சாலை விபத்துகளைத் துருவித் துருவியே தலை நரைத்தவர் அவர்.

தட்டச்சில் ஒரே வரி: 'உலை திறந்து மானம் போகுமுன் விலகிவிடு.'

அடுக்கடுக்காக அமைந்த ஒருவகைக் கார்பைடு பீங்கானைச் செய்ய ஆயிரத்து நானூறு டிகிரி சூடு தேவை. இந்த ஆராய்ச்சிக்காரியோ மூலப்பொடிகளை, எளிதில் உருகும் ஒருவகை உப்போடு கலந்து தொள்ளாயிரத்து ஐம்பதிலேயே செய்துவிடுகிறாள். எழுநூற்றைம்பதுக்குள்ளேயே அந்த உப்பு உருகிவிடும். பொடிகள் அதில் நீந்தி ஒன்றுசேரும். பதினோரு முறை பலித்தது. பன்னிரண்டாவது, மானியம் தரும் தேர்வுக் குழுவின் முன்னால். நேற்று உலையை அணைத்து முத்திரை வைத்தார்கள். இன்று மூன்று மணிக்குத் திறப்பு.

"திறக்காத உலைக்குள்ள என்ன இருக்குன்னு யாருக்கோ தெரிஞ்சிருக்கு," என்றார் மாமா.

கலவை அறையின் சாவி அவளைத் தவிர மூவரிடம் இருந்தது: அவளுடைய பேராசிரியர், உலை மெக்கானிக், பக்கத்து அறையில் ஆயிரத்து நானூறு டிகிரி எட்டும் பெரிய உலையை நடத்தும் சக ஆராய்ச்சியாளர். பேராசிரியர்மேல்தான் மருமகளுக்குச் சந்தேகம். மாணவி மிஞ்சினால் யாருக்குப் பொறுக்கும் என்றாள்.

இரண்டு மணிக்குக் கலவை அறையில், உப்பு ஜாடியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மருமகள் தண்ணீரில் கலக்கினாள். வெள்ளைப்பொடி ஒரு துளியும் கரையாமல் அடியில் படிந்தது. அவள் நிமிர்ந்தாள்; மாமா கண்ணாலேயே அடக்கினார்.

பிறகு மூவரையும் வரவழைத்து, முயற்சி தோற்றால் எதனால் இருக்கும் என்று பேச்சுவாக்கில் கேட்டார். பொடிகளின் அளவு தவறியிருக்கலாம் என்றார் பேராசிரியர். சூடுகாட்டி பொய் சொல்லியிருக்கும் என்றார் மெக்கானிக்.

"உப்பு உருகியிருக்காது," என்றார் சக ஆராய்ச்சியாளர்.

"தொள்ளாயிரத்து ஐம்பதுல உப்பு உருகாதா தம்பி? இத்தனை வருஷம் உலையோட இருக்கிற உங்களுக்கு அது தெரியாதா? ஜாடியில இருக்கிறது உப்பே இல்லன்னு தெரிஞ்சவர்தான் அப்படிச் சொல்ல முடியும்."

சக ஆராய்ச்சியாளர், தண்ணீரில் கரையாத, அந்தச் சூட்டில் உருகாத அலுமினாப் பொடியை ஜாடியில் மாற்றிவைத்ததையும், அவளாகவே விலகட்டும் என்று சீட்டு எழுதியதையும் ஒப்புக்கொண்டார். அவள் முறை ஜெயித்தால் தன் உலையை மூடிவிடுவார்கள் என்று பயந்தாராம்.

ஆராய்ச்சிக்காரி அவர் பக்கம் திரும்பினாள். கோபத்தைவிட அலுப்புதான் அதிகம் இருந்தது.

"என் பொடியை அழுத்திக் கெட்டியாக்க உங்க உலைதான் வேணும்னு விண்ணப்பத்துலயே எழுதியிருந்தேனேண்ணா. கடைசிப் பக்கத்தைப் படிக்கலையா?"