பத்து என்று காட்டிய கருவி

செவ்வாய்க்கிழமை காலை 11.40. கட்டுவிரியன் கடித்துப் பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்த தோட்டக்காரர் சுந்தரமூர்த்தி இறந்துபோனார். சோதனைக்கு வந்திருந்த புதிய விஷமுறிவு மருந்தை முழு அளவு கொடுத்தும் பயனில்லை. மிச்சமிருந்த குப்பி தடய அறிவியல் கூடத்துக்குப் போனது. மில்லிலிட்டருக்குப் பத்து மில்லிகிராம் புரதம் இருக்க வேண்டிய மருந்தில் ஐந்துதான் இருந்தது.

வியாழன் மதியம் 2.15. மருந்தைத் தயாரித்த தொம்மலூர் ஆய்வகத்துக்குள் இன்ஸ்பெக்டர் தமயந்தி நுழைந்தபோது, குற்றவாளி யாரென்று அங்கே ஏற்கெனவே முடிவாகியிருந்தது.

இயக்குநர் டாக்டர் ரங்கநாதன் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பெரிய கலத்தில் இருந்த மருந்தைத் தானே கருவியில் அளந்ததாகவும், அப்போது பத்து இருந்ததாகவும் சொல்லி அச்சுத் தாளை மேஜைமேல் எறிந்தார். பிறகு அதைக் குப்பிகளில் நிரப்பியவர் உதவியாளர் ஆஞ்சலா ஒருவர்தான். மற்ற நான்கு மருத்துவமனைகளுக்குப் போன பெட்டிகளைப் பற்றிப் புகார் எதுவும் வரவில்லை, இந்த ஒரு பெட்டியில்தான் கை வைத்திருக்கிறாள் என்றார்.

"பாதிய எடுத்துட்டு தண்ணி ஊத்தியிருக்கா. இதுல விசாரிக்க என்ன இருக்கு?"

காக்ஸ் டவுனிலிருந்து பதினொரு வருடங்களாக வேலைக்கு வரும் ஆஞ்சலா சுவரோரம் நின்றிருந்தார். கூட வேலை செய்தவர்கள் யாரும் அவரை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"நிரப்புறதுக்கு முன்னாடி நீங்க அளக்கலையா?" தமயந்தி கேட்டார்.

"எப்பவும் சாயம் போட்டு அளப்பேன் மேடம். புரதம் இருந்தா நீலமாகும். அன்னிக்கு வேணாம்னு சார் சொல்லிட்டார்."

நேரம் இல்லை, மறுநாள் மருத்துவமனைகளில் சோதனை தொடங்க வேண்டியிருந்தது, அதனால் சொன்னேன் என்றார் ரங்கநாதன். அதில் தவறென்ன என்று சத்தம் போட்டார்.

போலீஸில் சேருமுன் உயிர்வேதியியல் படித்தவர் தமயந்தி. நிரப்புவதற்கு முன் கலத்திலிருந்து எடுத்துவைத்த மாதிரி எங்கே என்று கேட்டார். உறைபெட்டியில் இருந்தது. ரங்கநாதனே எடுத்து, முத்திரை வைத்து, கையெழுத்தும் போட்டிருந்தார். அதைத் தொட விடமாட்டேன் என்று அவர் வழிமறித்தார். தமயந்தி நீதிமன்ற உத்தரவை நீட்டினார்.

3.05. தடயக் கூடத்திலிருந்து வந்திருந்த பிரிஜெட் அந்த மாதிரியை இரண்டு விதமாகவும் அளந்தார். கருவி பத்து என்றது. சாயம் ஐந்து என்றது. இறந்தவருக்குக் கொடுத்த குப்பியிலும் அதே பத்து, அதே ஐந்து.

"தண்ணி ஊத்தியிருந்தா கருவியும் அஞ்சுதான் காட்டியிருக்கும் டாக்டர்," என்றார் தமயந்தி. "உங்க கருவி புரதத்தைப் பாக்கறதில்ல. புற ஊதா ஒளி எவ்வளவு குறையுதுன்னுதான் பாக்குது. டிரிப்டோபேன் மாதிரி ஒரு அமினோ அமிலத்தைக் கரைச்சா ஒளி குறையும், எண் ஏறும். ஆனா அது விஷத்தை முறிக்காது. சாயமும் அதுக்கு நீலமாகாது."

தமயந்தி குரலை உயர்த்தவில்லை.

"ஆஞ்சலா கை படறதுக்கு முன்னாடியே நீங்க முத்திரை வச்ச மாதிரியில அது இருக்கு. சாயம் போட வேணாம்னு சொன்னதை நேரமில்லாததாலன்னு எல்லாரும் நம்பிட்டாங்க. அந்த ஒரு சோதனைதான் உங்களைக் காட்டிக் கொடுத்திருக்கும்."

ரங்கநாதன் நாற்காலியில் சரிந்தார். சுத்திகரிப்பில் பாதிப் புரதம்தான் தேறியது என்றார். போன முயற்சி ஏற்கெனவே தோற்றிருந்தது, தேதியைத் தள்ளினால் இரண்டாவது முறையும் தோற்றதாகிவிடும், பாதியே போதும் என்று நினைத்தேன் என்றார்.

ஆஞ்சலா மட்டும் சுவரை விட்டு நகர்ந்து வந்தார்.

"கலத்துலயே பாதின்னா, அந்த நாலு ஆஸ்பத்திரிக்குப் போனதும் பாதிதான் மேடம்."

மன்னிப்புக் கேட்க யாரோ அருகில் வந்தார்கள். அவர்களை விலக்கிவிட்டு ஆஞ்சலா தொலைபேசியை எடுத்தார். முதல் மருத்துவமனையில் மணி அடித்தது. அங்கே ஒரு பெண்ணுக்கு அந்த மருந்தை ஏற்றப் போவதாகச் சொன்னார்கள்.

"நிறுத்துங்க," என்றார் ஆஞ்சலா. "பழைய மருந்தையே குடுங்க. இப்பவே."