பதினேழாம் பலகையின் ஓட்டை

காலை 8.40.

பதினேழாம் பலகையில் தொங்கிய போஸ்டரின் நடுவில் ஓட்டை. கிழிசல் இல்லை, அளவெடுத்து வெட்டிய சதுரம். நான்காம் படம் இருந்த இடத்தில் பலகையைப் போர்த்திய நீலத் துணி தெரிந்தது. போஸ்டருக்குச் சொந்தக்காரி அதன் முன் நின்றாள்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்தவர்களுக்கான போஸ்டர் போட்டி அது. முப்பது பலகைகள், முப்பது இளம் விஞ்ஞானிகள். முதல் பரிசு, இரண்டு வருட ஆராய்ச்சி வேலை. பத்து மணிக்கு நடுவர்கள் சுற்றி வருவார்கள். அவர்களில் ஒருவர் விஞ்ஞானியே இல்லை. நோயிலிருந்து மீண்டவர்கள் சார்பில் ஒருவர் வேண்டுமென்று அழைத்திருந்தார்கள். குற்றப்பிரிவில் இருபத்தெட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மண்டபத்தில் அவருக்கு இன்ஸ்பெக்டரம்மா என்றுதான் பெயர்.

அந்தப் படத்தை அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நேற்று மாலை அந்தப் பெண் விளக்கியிருந்தாள். இடப்பக்கம் மருந்து கொடுக்காத திசு. நோய்ச் செல்கள் மொய்த்துக் கிடந்தன. வலப்பக்கம் மருந்து கொடுத்தது. ஏறக்குறைய துடைத்துவிட்டாற்போல் இருந்தது. தன் தங்கைக்கும் அதே நோய்தான் என்று சொல்லி, இந்த மருந்து அவளுக்கு எப்போது கிடைக்கும் என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டார். அந்தப் பெண் அடுத்த படத்துக்குத் தாவிவிட்டாள். இவர் வெளியே போய் முதல் வேலையாகத் தங்கைக்குப் போன் போட்டு, நல்ல மருந்து ஒன்று இருக்கிறது என்றார். தங்கைக்குத் திங்கட்கிழமை புதிய ஊசி தொடங்க வேண்டும். கடுமையான ஊசி. "அப்ப அது வேணாம்க்கா, இதுக்கே காத்திருக்கேன்" என்றாள் அவள். இவர் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. அது முதல் மனதில் ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

8.55.

அந்தப் பெண்ணின் பேராசிரியர் அதற்குள் தீர்ப்பே எழுதிவிட்டார். பதினேழாம் போஸ்டரில் அவர் பெயரும் இருந்ததால் கோபம் இரட்டிப்பு. பக்கத்துப் பலகைக்காரனின் பையை எல்லார் எதிரிலும் மேசையில் கொட்டச் செய்தார். எலிகளோடு வேலை செய்பவன் என்பதால் அவனுக்கு எலிக்காரன் என்று பெயர். பையிலிருந்து ஒரு பிளேடு விழுந்தது. எலிக்காரன் திருட்டு முழி முழித்தான். பத்து மணிக்கு அவனைப் போட்டியிலிருந்து நீக்கிவிடுவதாக அமைப்பாளர் சொன்னார். அது வரைக்கும் தனக்கு நேரம் வேண்டும் என்று கேட்டு வாங்கினார் இன்ஸ்பெக்டரம்மா.

"பிளேடு எதுக்கு?"

"போஸ்டர் ஓரத்தை நறுக்க, மேடம். நேத்து பாதி ஹால் இதைத்தான் இரவல் வாங்கிச்சு."

"பதினேழும் வாங்கினாளா?"

"வாங்கினா. உடனே திருப்பியும் கொடுத்துட்டா."

அவர் ஓட்டைக்குள் விரலை விட்டு நீலத் துணியைத் தடவினார். ஒரு கீறல்கூட இல்லை. நான்கு மூலைகளையும் பார்த்தார். ஒரு மூலையும் கசங்கவில்லை. குண்டூசிகள் பழைய துளையிலேயே குத்தியிருந்தன.

9.05.

எதிரே அச்சுக்கடை திறந்திருந்தது. படம் கணினியில் இருக்கிறது. அதை மட்டும் அச்சடித்து ஒட்டக் கால் மணி நேரம் போதும். எலிக்காரனே போய் வருவதாகச் சொன்னான். அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தாள். நேரமில்லையாம். சுவர்க் கடிகாரப்படி பத்து மணிக்கு இன்னும் ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது.

9.20.

வாசல் மேசையில் வருகைப் பதிவேடு. முப்பது கையெழுத்துகளில் இருபத்தொன்பது பேனா; ஒன்று பென்சில். பேனா நீட்டினாலும் அந்தப் பதினேழு வாங்க மாட்டேனென்கிறாள் என்று மேசைக்காரி அலுத்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டரம்மா எலிக்காரனிடம் திரும்பி வந்தார்.

"உங்க வேலையில பென்சில் எதுக்கு?"

"திசுவை வச்சுப் பாக்குற கண்ணாடி ஸ்லைடுல பேர் எழுத, மேடம். ஸ்லைடை ஸ்பிரிட்ல கழுவுவோம். பேனா மை கரைஞ்சு போயிடும், பென்சில் நிக்கும். முதல் நாளே சொல்லித் தர்றது."

"பதிவேட்டுல கையெழுத்துக்கும் பென்சிலா?"

"அது ஒரு மாசமாத்தான். நாங்ககூடக் கிண்டல் பண்ணினோம்."

அவர் சிரிக்கவில்லை. விடை தெரிந்துவிட்டது, தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தார். அந்த விடையில் தங்கையின் மருந்தும் போகிறது.

9.40.

பேராசிரியர், எலிக்காரன், அந்தப் பெண் மூவரையும் பக்கத்து அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார்.

"பலகையில வச்சு வெட்டியிருந்தா துணியில கீறல் விழுந்திருக்கும். விழல. அப்ப கழட்டி, மேசையில வச்சு வெட்டி, மறுபடி அதே துளையில குத்தி மாட்டியிருக்காங்க. கெடுக்க வந்தவனுக்கு அவ்வளவு பொறுமை ஏது? அந்தப் போஸ்டர் மேல ஆசை இருக்கறவங்கதான் அப்படிச் செய்வாங்க. புதுப் படமும் வேணாம்னாங்க." பெண்ணின் பக்கம் திரும்பினார். "மை உன்னை ஒரு தடவை கைவிட்டுடுச்சு, இல்லையாம்மா?"

அவள் போஸ்டர் குழாய்க்குள் கைவிட்டு, சுருட்டிய சதுரத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"அன்னிக்கு பென்சில் முனை உடைஞ்சிருந்தது. அவசரத்துல பேனாவால எழுதிட்டேன். கழுவினதும் ரெண்டு ஸ்லைடுலயும் எழுத்து இல்ல. எது மருந்து கொடுத்தது, எது கொடுக்காததுன்னு தெரியல. திரும்பச் செய்யத் திசுவும் மிச்சமில்ல." சதுரத்தைப் பிரித்து வலப்பக்கத்தைக் காட்டினாள். "நல்லா இருந்ததை மருந்துப் பக்கம் வச்சேன்."

பேராசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து முதுகில் தட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"பரிசு போனாப் போகுதுன்னு காலையில வேற பிளேடு வாங்கி வெட்டிட்டேன். நேத்து நீங்க தங்கச்சியைப் பத்திக் கேட்டதும் என்னால முடியல. உண்மையைச் சொல்லவும் தைரியம் வரல."

எலிக்காரன் மெதுவாகத்தான் பேசினான். "என் பையைக் கொட்டினப்ப நீ பாத்துக்கிட்டு நின்னியே."

அவள் தலை குனிந்து அழுதாள். தன் பங்குக்குத் தானும் அவசரப்பட்டதாகச் சொல்லி அவன் கையைப் பிடித்தார் பேராசிரியர். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை, பிடிக்கவும் இல்லை.

9.55.

அவள் ஒரு தாளை ஓட்டையின் மேல் குத்திவிட்டுப் பென்சிலை எடுத்தாள். இன்ஸ்பெக்டரம்மா தன் பேனாவை நீட்டினார். சற்றுத் தயங்கி வாங்கிக்கொண்டாள். 'நான்காம் படத்தைத் திரும்பப் பெறுகிறேன். எந்த ஸ்லைடு எது என்று எனக்குத் தெரியாது. வெட்டியது நான்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டாள்.

இன்ஸ்பெக்டரம்மா படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கிப் போன் போட்டார். இருபத்தெட்டு வருடம் எதையும் தோண்டித் துருவாமல் நம்பாதவர், நேற்று ஒரே ஒரு படத்தை நம்பியிருந்தார்.

தங்கை குரலில் உற்சாகம் துள்ளியது. "சொல்லுக்கா."

"திங்கட்கிழமை ஊசிக்குப் போகணும்டி. நானும் கூட வரேன்."

"அந்த மருந்து?"

"அது மருந்துதானான்னே இன்னும் தெரியாது."

"அப்ப இருக்குன்னு யாரு சொன்னது?"

அறைக்குள் குற்றவாளியைக் காட்டிவிட்டு வந்தவர் படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"நான்தான்" என்றார்.