மூடிய கிணற்றின் பசி

அன்றைக்குப் பிலோமி மூக்கைப் பொத்தவில்லை.

எண்ணெய்க் கம்பெனியில் மண்ணெண்ணெய் டின் நிரப்புகிறவன் லூயிஸ். அவன் தெருமுனை திரும்பினாலே கல்மண்டபத்து நாய்கள் வரிசையாகத் தும்மும். அவன் பக்கத்தில் எவனாவது பீடி பற்றவைத்தால் ராயபுரமே எரிந்து கடலுக்குள் விழும் என்பார்கள். சீயக்காய் தேய்த்துக் குளிக்காமல் அவனை வாசல் தாண்ட விட்டதில்லை அவன் பெண்சாதி பிலோமி. இன்றைக்கோ, "உள்ள வாய்யா" என்று இருட்டுக்குள்ளிருந்து கூப்பிட்டாள்.

"இன்னாடி, வெளக்கு ஏத்தல?"

"எண்ணெ தீந்துபோச்சு."

காலையில்தான் கழுத்துவரை ஊற்றியிருந்தான். விளக்கைத் தடவினான். சொட்டு எண்ணெய் இல்லை. விளிம்பில் சளிபோல ஏதோ விரலில் ஒட்டியது.

அப்போதுதான் உறைத்தது. கொல்லைக் கிணற்றில் சத்தமே இல்லை.

ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் கம்பெனிக் குழாய் வெடித்து அந்தக் கிணறு மண்ணெண்ணெயாய் நிறைந்தது. எண்ணெய் போனதற்குத்தான் கம்பெனி அழுதது. குடிக்கிற தண்ணீர் போனதற்கு ஒருத்தரும் மூக்குச் சிந்தவில்லை. ஓவர்சியர் ஜஹாங்கீர் மூட்டை மூட்டையாக வெடியுப்பைக் கொட்டி, இரும்பு மூடி போட்டு, இடுக்கெல்லாம் தார் பூசினார்.

"தண்ணியில கண்ணுக்குத் தெரியாத பூச்சி கீது. அதுக்குக் காத்து வாணாம். இந்த உப்புலயே மூச்சு வுட்டுகினு எண்ணெயத் துன்னுடும். தொறந்துடாதீங்க."

"துன்னு முட்ச்சிட்டு அப்பால இன்னாத்தத் துன்னும், சாயபு?" என்றாள் பிலோமி.

ஜஹாங்கீர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அன்று தொடங்கி, கும்பகர்ணன் தண்ணீர் குடிப்பதுபோல மூடிக்கடியில் குமிழிகள் வெடிக்கும் சத்தம்தான் அவர்களுக்குத் தாலாட்டு. குளுக். குளுக்.

லூயிஸ் கொல்லைக் கதவைத் திறந்தான். மாதாகோயிலின் சாயங்கால மணி அடித்து ஓய்ந்திருந்தது. கிணற்று மூடி முருங்கை மரத்தில் சாய்ந்து நின்றது. தாம்புக்கயிறு ஈரம். எண்ணெய் வாசனை வரவில்லை. எந்த வாசனையுமே வரவில்லை.

"நாத்தம் பூட்ச்சேன்னு தொறந்தேன். ஒரு சொம்பு குட்ச்சேன். கல்கண்டு கணக்கா கீதுய்யா."

திரும்பினான். தெருக்கதவு சாத்தியிருந்தது. பிலோமி ஜன்னல் இடுக்கில் கந்தலைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றே?"

"காத்து வருது."

கிட்டே வந்தாள். உதடு நாவற்பழ நீலம். மார்பு ஏறவில்லை. இறங்கவில்லை. தொண்டைக்குள் மட்டும்...

குளுக்.

அவன் கையைப் பிடித்தாள். கல்யாணமான நாள்முதல், குளிக்காத அந்தக் கையை அவள் தொட்டதே இல்லை. அதனால்தானோ என்னவோ, பாவி, அவன் உதறவில்லை.

ஆசையாக முகர்ந்தாள். "இத்தப் போயி இத்தினி நாளா கொற சொன்னேனே!"

உள்ளங்கையை நக்கினாள்.

கறை போயிற்று. ரேகை போயிற்று. வலிக்கவில்லை.

மீன் வயிறாய் வெளுத்த அந்தக் கையை விடாமல், மறுகையால் கொல்லைக் கதவை இழுத்தாள். வெளிச்சம் நூலாய் மெலிந்தது. அந்த இடுக்கையும் கந்தல் வைத்து அடைத்தாள்.

நாக்கு மணிக்கட்டைத் தாண்டியது.