கோடு போகும் வீடு

கூட்டத்துக்கு வந்தவர்கள் நான்கு பேர். தேவாலயத்தின் பின்னறையில், ஹீட்டரை ஒட்டிய நாற்காலியில் தலைவர் ஹெரால்ட் த்ரெல்ஃபால். அவருக்கு எதிரே, மண் அப்பிய இரும்புக் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு, பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற நார்மன் பாஸ்க். தேநீர்ப் பாத்திரத்தின் அருகே மியூரியல் காப். அவள் காதுக்கருவி கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் குறிப்பேட்டுடன் செயலாளர் ஹில்டா கார்சைடு. ஒன்பது வருஷமாக அறை நடுவில் உட்கார்ந்தவள், அன்று நாற்காலியை இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் இடம் இருக்கக் கூடாது.

"என்ன செயலாளரம்மா, சுவருக்கு முட்டுக் குடுக்கிறீங்களா?" என்றார் நார்மன்.

"காத்து அடிக்குது."

"உங்க அடுப்படி வழியா ரோமப் படையே போகுது, காத்துக்கு பயப்படுறீங்களே! டீ போட்டு வைங்க, களைச்சுப்போய் வருவாங்க." திரும்பி மியூரியலைக் காட்டினார். "இவங்களைப் பாருங்க. குண்டு விழுந்தாலும் கேக் வெட்டிக்கிட்டிருப்பாங்க."

தன்னைத்தான் சொல்கிறார் என்று மட்டும் புரிந்த மியூரியல் சிரித்தாள். ஹெரால்ட் சிரிக்கவில்லை. ஹில்டாவைப் பார்க்கவும் இல்லை.

மேட்டிலிருந்து ஆற்றுக்கு இறங்கி, மண்ணுக்குள் புதைந்துபோன பழைய ரோமர் சாலையைத் தேடுவதுதான் அவர்கள் நால்வருக்கும் வேலை, பொழுதுபோக்கு, சண்டை எல்லாம். கம்பியை மண்ணில் குத்துவார்கள். கீழே கல் தட்டினால் வரைபடத்தில் ஒரு புள்ளி. புள்ளிகள்மேல் அடிக்கோல் வைத்துக் கோடு கிழித்தால் சாலை. ரோமர்கள் வளைந்து கொடுக்கமாட்டார்கள். குறுக்கே வீடு இருந்தால் அது வீட்டின் குற்றம்.

ஆகஸ்டில் கம்பி ஒரு பிணக்குழியைத் தொட்டது. குப்புறக் கிடந்த எலும்புக்கூடு. பாதங்களைச் சுற்றித் துருப்பிடித்த செருப்பாணிகள். மண்டையோடு கால்களுக்கு நடுவில். "எழுந்து நடந்துடக் கூடாதுன்னு வெட்டி வச்சிருக்காங்க," என்றார் நார்மன். புகைப்படம் லட்சணமாக வர வேண்டுமென்று ஹெரால்ட் மண்டையோட்டை எடுத்து, துடைத்து, கழுத்தருகே அது இருக்க வேண்டிய இடத்தில் வைத்தார். படம் எடுத்தார்கள். அப்படியே மூடினார்கள்.

செப்டம்பர் கடைசியிலிருந்து ஹில்டாவுக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. மாலை நாலு மணிக்கு, ஜன்னல் கண்ணாடியில் ஈரம் பூக்கும் நேரத்தில், மேட்டின் புல்லுக்கு அடியில் புதைந்த கற்கள்மேல் ஆணி அடித்த செருப்பு நடக்கும் சத்தம். சீராக, அவசரமில்லாமல், போக வேண்டிய இடம் தெரிந்த ஒருவரின் நடை. கூடவே சுண்ணாம்பும் நனைந்த மண்ணும் கலந்த வாடை. ஒரு நாளைக்குக் கொஞ்ச தூரம். பிறகு நிற்கும். மறுநாள் நின்ற இடத்திலிருந்து தொடரும். முதலில் வேலி. அப்புறம் கொட்டகை. போன வாரம் பின்கதவு. நேற்று அடுப்படிக்குள்.

நேற்று அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றது.

மூன்று மணிக்குக் கூட்டம் கலைந்தது. மிச்ச கேக்கைத் துணியில் சுற்றி, "இளைச்சுப் போயிட்டியேம்மா நீ," என்று ஹில்டாவின் கையில் திணித்துவிட்டு மியூரியல் போனாள். நார்மனும் போனார். ஹில்டா கதவைச் சாத்தினாள்.

"அவிஸ் போனப்போ மணி என்ன, ஹெரால்ட்?"

அவிஸ் அவர் மனைவி. செப்டம்பரில் இறந்தாள். மாரடைப்பு என்றார் டாக்டர்.

"நாலு," என்றார் ஹெரால்ட், ஹீட்டரைப் பார்த்துக்கொண்டே.

"அவளுக்குப் பின்னால வந்து நின்னுச்சா?"

"ஒரு நாள் நின்னுச்சு. மறுநாள் அவளே இல்ல."

ஹில்டா குறிப்பேட்டைப் புரட்டினாள். செப்டம்பர் இருபத்தேழு. மேட்டு உச்சியில் சாலை இரண்டு பாகை கிழக்கே திரும்புவதாகத் தலைவர் கருதுகிறார். மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்குக் கடிதம் அனுப்பப்பட்டது. அவளுடைய கையெழுத்து. அவளே தபாலில் போட்ட கடிதம்.

"கோடு எங்க போகுதோ அங்கதான் அது நடக்குது. கடிதம் பெட்டியில விழுந்த நிமிஷம் எங்க வீட்டுல சத்தம் நின்னுச்சு," என்றார் ஹெரால்ட். "அவளுக்கு அப்புறம் நான்தானே? உங்களுக்குத்தான் யாருமில்லையே, ஹில்டா. அழ ஆளில்லாத வீடாப் பாத்துத்தான் நகர்த்தினேன்."

"கோடு உங்க வீட்டு வழியாத்தான்னு திருப்பி எழுதுறேன்."

"எழுதிப் பிரயோஜனம் இல்ல. என் தோட்டத்துல மாவட்ட அலுவலகத்துக்காரங்களே குழி வெட்டிப் பாத்து, கல்லே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. இனி கிழக்கேதான் போகும். சுவரோட சுவர் ஒட்டின வீடுங்க, ஏதாவது ஒண்ணு வழியாத்தான் ஆத்துக்கு எறங்கணும்." முதல்முறையாக அவளைப் பார்த்தார். "கிழக்கே அடுத்த வீடு யாருதுன்னு நான் சொல்லணுமா?"

மணி மூன்று இருபது.

வீட்டில் அவள் உட்காரவில்லை. நின்றபடியே, முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு, அலமாரிப் பலகைமேல் வரைபடத்தை விரித்தாள். அடிக்கோலை நகர்த்தினாள். இன்னும் இரண்டு பாகை. கோடு மியூரியலின் அடுப்படி நடுவே இறங்கியது. கோடு நேராகவே விழுந்திருந்தது; அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் செப்டம்பர் இருபத்தேழாம் தேதிக் கடிதத்தில் ஒரு திருத்தம்.

தேதி போட்டாள். நகல் எடுத்தாள். மியூரியலுக்குத்தான் காது கேட்காதே என்று நினைத்தாள். தான் ஏழு வாரமாகப் பட்ட பாடு அவளுக்கு இருக்காது. ஒரே நொடி. ஒரு விதத்தில் உபகாரம்தான்.

பின்சுவரில் டக்கென்று ஒரு சத்தம்.

மணி மூன்று ஐம்பத்தாறு.

உறையின் பசையை நக்கினாள். நாக்கில் சுண்ணாம்பு ருசி. ஒட்டினாள். மேலங்கியை மறந்து ஓடினாள்.

சிவப்புத் தபால்பெட்டி தெருக்கோடியில், மியூரியல் வீட்டுக்கு நேர் எதிரே. பின்னால் நடை. ஓடவில்லை அது. ஓடத் தேவையில்லை அதற்கு. கழுத்தில் குளிர். மண் வாடை. பெட்டியின் வாயில் உறையைச் செருகினாள். விரல் விட மறுத்தது. விட்டாள்.

அடியில் போய் விழுந்தது.

நடை நின்றது.

தெரு அமைதியாக இருந்தது. தேவாலய மணி நாலு அடித்தது. எதிர் வீட்டு அடுப்படி ஜன்னலில் விளக்கு எரிந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மியூரியல் நிமிர்ந்தாள், ஹில்டாவைக் கண்டாள், முகம் மலர்ந்தது. ஈரக் கையைத் தூக்கி ஆட்டினாள். கேக் சாப்பிட்டாயா என்று சைகையில் கேட்டாள்.

அவளுக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். உயரம். மண் நிறம். தலை இருந்தது, கழுத்தில் வளர்ந்ததாக இல்லை, யாரோ துடைத்து எடுத்து வைத்ததுபோல், கொஞ்சம் கோணலாக.

மியூரியல் கை ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஹில்டாவும் கையைத் தூக்கி ஆட்டினாள்.